கைதி முகாம்களும் காகிதச் சான்றுகளும்

நாம் பணியாற்றும் தோட்டத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறார். வயது 86. பள்ளி முடிந்து லயத்து வழியாக நாம் வரும்போது வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நம்மை நிறுத்தி, “வாத்தியாரே, ஒரு சங்கதி கேக்கணும். ஜப்பான்காரன் காலத்துல எங்கப்பாவ சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோயிட்டாங்க. அவரு செத்த தேதிய எங்கேயாச்சும் எழுதி வெச்சிருப்பாங்களா? நாள் தெரியாம இத்தன வருசமா புரட்டாசி அமாவாசையிலதான் படைக்கிறோம். நான் கண்ண மூடறதுக்குள்ள தெரிஞ்சா நல்லது” என்றார்.

தந்தை புறப்பட்டுச் சென்றபோது அவருக்கு நான்கு வயது. முகம்கூட நினைவில் இல்லை. போர் முடிந்து திரும்பி வந்த அடுத்த லயத்துக்காரர் ஒருவர் அவர் தாயாரிடம் சொன்ன சில வார்த்தைகள் மட்டும் அந்தக் குடும்பத்தில் வாய்வழியாகத் தங்கியிருக்கின்றன. “மழை விடவே இல்ல. காட்டு வழியில ராத்திரி ராத்திரியா நடந்தோம். மூணு சின்னக் கோபுரம் இருக்கிற எடத்துக்குக் கிட்ட வேல. வெள்ளக்காரக் கைதிங்களும் பக்கத்துல இருந்தாங்க. வாந்திபேதி வந்து ஆளுங்கள அள்ளிக்கிட்டுப் போச்சு.” அவ்வளவுதான்.

அந்த மூதாட்டியின் கேள்விக்கு விடை தேடிப் போனதே நம்மை இன்றைய பேச்சின் பொருளுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இரண்டாம் உலகப் போர்க்காலக் கைதி முகாம்களைப் பற்றி ஆவணங்களிலிருந்து எப்படி அறிந்துகொள்வது? அந்த ஆவணங்கள் எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லாமல் விடுகின்றன? நம்மவர்களை அவற்றில் எங்கே தேட வேண்டும்? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, 17ஆம் நாள், கைதிகள் இரு வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் ஏறத்தாழ 50,000 பேர் சாங்கிக்கு நடந்து சென்றனர். இந்தியப் படையினர் 40,000க்கும் மேற்பட்டோர் ஃபாரர் பார்க் திடலில் திரட்டப்பட்டனர். சாங்கி என்றதும் சிறைச்சாலை ஒன்றே நம் கண்முன் நிற்கிறது. ஆனால் தொடக்கத்தில் போர்க் கைதிகள் இருந்தது சிறைக்குள் அன்று. செலாராங் முதலிய படைவீட்டுக் கட்டடங்களில்தான். 1936இல் திறக்கப்பட்ட சிறையில் முதலில் அடைக்கப்பட்டவர்கள் ஐரோப்பியப் பொதுமக்கள். போர்க் கைதிகள் அங்கு மாற்றப்பட்டது 1944ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். சாங்கியில் இருந்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தால், எந்த ஆண்டு என்று பார்த்த பிறகே அவர் எந்தக் கட்டடத்தில் இருந்தார் என்று நாம் சொல்ல முடியும். ஆவண ஆராய்ச்சியின் முதற்பாடம் இதுதான். இடத்தையும் காலத்தையும் பிரிக்கலாகாது.

இனி, கைதிகளைப் பற்றிய பதிவுகள் ஏன் உண்டாயின என்று பார்ப்போம். 1929ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம், போரிடும் நாடு ஒவ்வொன்றும் தன் கைதிகளைப் பற்றிய தகவல் நிலையம் ஒன்றை நடத்த வேண்டும் என விதித்தது. கைதியின் பெயரும் நிலையும் அவன் நாட்டுக்கும் வீட்டுக்கும் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். ஜப்பான் இந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. ஆனால் அதனை உறுதிப்படுத்தவில்லை. பொருந்தும் அளவுக்குப் பின்பற்றுவதாக மட்டும் 1942இல் தெரிவித்தது. ஆயினும் 1941 டிசம்பரிலேயே டோக்கியோவில் போர்க் கைதிகள் தகவல் நிலையம் அமைக்கப்பட்டுவிட்டது. அதற்காக எழுதப்பட்ட அட்டைகளில் 50,000க்கும் மேற்பட்டவை இன்று இலண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அந்த அட்டை ஒன்றை நாம் கையில் எடுத்ததாக எண்ணிக்கொள்வோம். உள்ளங்கை அளவினும் சற்றுப் பெரியது. அதில் பெயர், பிறந்த நாள், நாடு, படைப் பதவி, படை எண், பிடிபட்ட இடம், பிடிபட்ட நாள், முகாம், தந்தை பெயர், தாய் பெயர், சொந்த ஊர், போருக்கு முன் செய்த தொழில், செய்தி அனுப்ப வேண்டிய உறவினர் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. கைதி இறந்துவிட்டால் அட்டையின் குறுக்கே சிவப்புக் கோடுகள் இழுக்கப்பட்டன. தந்தை பெயரும் தாய் பெயரும் வரை எழுதிவைத்தார்கள் என்பதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இந்த அட்டையைப் படிப்பது எளிதன்று. மூன்று இடங்களில் கால் வழுக்கும்.

முதலாவது, ஆண்டுக் கணக்கு. ஜப்பானியர் தம் பேரரசரின் ஆட்சியாண்டைக் கொண்டு எழுதினார்கள். ஷோவா 17 என்றால் 1942. ஷோவா 18 என்றால் 1943. ஷோவா எண்ணோடு 1925ஐக் கூட்டினால் நமது ஆண்டு வந்துவிடும். வேறு சில காகிதங்களில் 2602, 2603 என்று காணப்படும். அது ஜப்பானியப் பேரரசு தோன்றியதாகக் கருதப்படும் காலம் தொட்டு எண்ணுவது. அதில் 660ஐக் கழிக்க வேண்டும். ஜப்பானியர் காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கிய ஆண்டு இதுவே. அந்நாளில் கடிகாரங்களையும் டோக்கியோ நேரத்திற்கு ஏற்ப ஒன்றரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். ஆதலால் காலை ஆறு மணி என்று எழுதியிருந்தால், பழைய கணக்கில் அது விடியற்காலை நாலரை மணி.

இரண்டாவது, பெயர். பிறமொழிப் பெயர்களை எழுத ஜப்பானியர் கதகானா என்னும் எழுத்தைப் பயன்படுத்துகிறார்கள். அந்த எழுத்தில் ரகரத்திற்கும் லகரத்திற்கும் வேறுபாடு கிடையாது. லாரன்ஸ் என்னும் வெள்ளைக்காரர் அதில் ரோரென்சு ஆகிவிடுவார். நம் வேலு, பேரு போல ஒலிக்கும் ஒரு சொல்லாகிவிடுவார். பெயர் கிடைக்கவில்லை என்று கைவிடும் முன், அந்தப் பெயர் எத்தனை விதமாகத் திரிந்திருக்கலாம் என்று எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மவர் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய கிராணிமார்களும் ஒரே ஆளை ஒரு மாதம் ஒரு விதமாகவும் மறு மாதம் வேறு விதமாகவும் எழுதியதுண்டு.

மூன்றாவது, முகாமின் பெயர். ஜப்பானியர் ஆவணத்தில் முகாம் என்பது வேலி சூழ்ந்த ஓர் இடம் மட்டுமன்று. ஒரு நிருவாகப் பிரிவும் ஆகும். 1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து எஃப் பிரிவு என்ற பெயரில் 7,000 கைதிகள் தாய்லாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். பான்போங் வரை சரக்கு ரயிலில் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் காட்டு வழியில் இரவு நேரங்களில் நடத்திச் செல்லப்பட்டார்கள். அவர்களில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆனால் நிருவாகக் கணக்கில் அந்தப் பிரிவு கடைசி வரை மலாயா முகாமைச் சேர்ந்ததாகவே இருந்தது. அட்டையை மட்டும் பார்த்து, இவர் மலாயாவில்தான் இருந்தார் என்று முடிவு கட்டினால் பெரும் பிழையாகிவிடும்.

ஆகவே ஓர் ஆவணத்தை மற்றோர் ஆவணத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல வேளையாக, கைதிகளும் கை கட்டி இருக்கவில்லை. 1942ஆம் ஆண்டிலேயே சாங்கியில் அவர்கள் பதிவு விசாரணை நிலையம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். தொண்டர் படையைச் சேர்ந்த டேவிட் நெல்சன் அதில் முக்கியப் பொறுப்பில் இருந்தார். யார் எந்தக் குழுவோடு எங்கே சென்றார், யார் இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்பதைத் துண்டுத் தாள்களில் குறித்துக் காத்தார்கள். ரயில் பாதை முகாம்களிலும் மருத்துவர்களும் அதிகாரிகளும் இரகசியமாக நாட்குறிப்பு எழுதினார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் கடுந்தண்டனை. அதனால் தாள்களைப் போத்தல்களிலும் தகரக் குவளைகளிலும் இட்டு, இறந்தவரோடு சவக்குழியிலேயே புதைத்து வைத்தவர்களும் உண்டு. மலாயாத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து கைதியான ராபர்ட் ஹார்டியின் நாட்குறிப்பு அவ்வாறு தப்பியவற்றுள் ஒன்று. அது 1983ஆம் ஆண்டு இலண்டனில் நூலாக வெளிவந்தது.

போரின் முடிவில் மற்றொன்றும் நடந்தது. 1945 ஆகஸ்டு 20ஆம் நாள் டோக்கியோவிலிருந்து கைதி முகாம்களுக்கு ஒரு தந்தி சென்றது. எதிரியின் கையில் சிக்கினால் பாதகமாகக்கூடிய ஆவணங்களை இரகசிய ஆவணங்களாகக் கருதி அழித்துவிட வேண்டும் என்பது அதன் கட்டளை. கைதிகளைக் கொடுமைப்படுத்தியவர்கள் சுவடு தெரியாமல் மறைந்துபோகலாம் என்றும் அது கூறியது. அந்தத் தந்தியே பின்னர் கைப்பற்றப்பட்டு, டோக்கியோ அனைத்துலக நீதிமன்றத்தில் சான்றாகியது. அழிக்கச் சொன்ன காகிதமே அழியாமல் நின்று சாட்சி சொன்னது! ஆயினும் எரிந்தவை எரிந்தவைதாம். இன்று நாம் காண்பது எஞ்சியவற்றை மட்டுமே என்பதை எந்த ஆராய்ச்சியாளரும் மறக்கலாகாது.

போருக்குப் பின் வேறு வகை ஆவணங்கள் பிறந்தன. விடுதலையான கைதிகள் வினாத்தாள்களுக்கு விடையெழுதிக் கொடுத்தார்கள். 1945 செப்டம்பரில் ஒரு சிறு குழு ரயில் பாதை நெடுகச் சென்று கைதிகளின் சவக்குழிகளைத் தேடியது. கைதிகள் காத்து வைத்த பட்டியல்களின் துணையால் 144 இடுகாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழிகளை அவர்கள் அடையாளம் கண்டார்கள். தேடியும் கிடைக்காதவை 52 மட்டுமே. அந்த உடல்கள் பின்னர் காஞ்சனபுரி, சுங்காய், பர்மாவின் தான்பியூசாயாட் ஆகிய மூன்று மயானங்களுக்கு மாற்றப்பட்டன. 1946 முதல் 1948 வரை சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்கள் 131 போர்க் குற்ற வழக்குகளை விசாரித்தன. அந்த வழக்குக் கட்டுகளும் நமக்குப் பெரும் சுரங்கம். பிரிட்டனில் போர்க்கால ஆவணங்களுள் பெரும் பகுதி 1972ஆம் ஆண்டு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டது.

நேயர்களே, இதுவரை நாம் கண்டதெல்லாம் படைவீரரான கைதிகளைப் பற்றியது. இப்போது நம் மூதாட்டியின் தந்தையிடம் வருவோம்.

சயாம்-பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் நோங்பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை சென்றது. 1942இன் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு பக்கத்துத் தண்டவாளங்களும் சந்தித்தபோது முடிந்தது. அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர். இறந்தவர் 12,000க்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளர்களோ அதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் நம் தோட்டத்துத் தமிழர்கள். சாவகர், பர்மியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரும் இருந்தனர். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என்பது போர் மயானக் கழகத்தின் மதிப்பீடு.

கைதிகளின் எண்ணிக்கையை இத்தனை பேர் என்று திட்டமாகச் சொல்ல முடிகிறது. தொழிலாளர்களுக்கு வரும்போது ‘இருக்கலாம்’ என்ற சொல் வந்துவிடுகிறது. ஏன்?

காரணங்கள் பல. படைவீரனுக்கு எண் உண்டு, பதவி உண்டு, அவனைக் கணக்கில் வைத்திருக்கும் அதிகாரி அவனோடே கைதியாக இருந்தார். தொழிலாளிக்கு இவை ஒன்றுமில்லை. அவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்று ஜப்பானியர் கருதியதால், ஜெனீவா ஒப்பந்தமும் தகவல் நிலையமும் அவர்களுக்குப் பொருந்தவில்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடும் இருப்பிடமும் இலவசம் என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தார்கள். அது போதாதபோது தோட்டந்தோறும் இத்தனை பேர் என்று கணக்கு விதித்தார்கள். பிறகு பிடித்துக்கொண்டும் போனார்கள். படக்காட்சி என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையை நம் பெரியவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே காலரா பரவியபோது, ஒரே நாளில் மாண்ட பலரைச் சேர்த்துப் புதைத்தார்கள், அல்லது எரித்தார்கள். அவர்களின் பெயரை எழுதித் தகரத்தில் அடைத்துப் புதைக்க ஆளில்லை.

போருக்குப் பின் தயாரான ஒரு கணக்கில், மலாயாத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 30,000 பேர் இறந்ததாகவும், மேலும் 24,000க்கும் மேற்பட்டோர் ஓடிப்போனதாகவும் குறிக்கப்பட்டுள்ளது. ஆசிரியர்ப் பயிற்சிக் கல்லூரியில் நமக்கு வரலாறு கற்பித்த விரிவுரையாளர் ஒருவர், எந்த ஆவணத்தையும் மூன்று கேள்வி கேளுங்கள் என்பார். யார் எழுதினார்? எப்போது எழுதினார்? எதற்காக எழுதினார்? இந்தக் கணக்கையும் அப்படிக் கேட்டுப் பார்ப்போம். ஓடிப்போனவர் என்று எழுதியது முகாமை நடத்தியவர் தந்த கணக்கின்படி. ஓர் ஆள் குறைந்தால் இறந்தான் என்று எழுதுவதைவிட ஓடிப்போனான் என்று எழுதுவது அவருக்குச் சுலபம். தப்பிச் சென்று பிழைத்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மொழி தெரியாத காட்டில், நோயும் பட்டினியுமாக, வீட்டிலிருந்து பல நூறு மைல் தொலைவில் ஓடிப்போனவர்களில் எத்தனை பேர் ஊர் வந்து சேர்ந்திருப்பார்கள்? ‘ஓடிப்போனவர்’ என்ற பத்திக்குள் எத்தனை சாவுகள் மறைந்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே கேள்விகளை நம் பக்கத்துச் செய்திகளிடமும் கேட்க வேண்டும். ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் ஓர் உயிர் போயிற்று என்று சொல்வது வழக்கம். மீட்டருக்கு ஒரு கட்டை என்று குறைத்து வைத்தாலும் 415 கிலோமீட்டருக்கு 415,000 கட்டைகள் ஆகின்றன. இறந்தோர் தொகை எல்லாரையும் சேர்த்து ஏறத்தாழ நூறாயிரம். ஆகவே அது துயரத்தைச் சொல்லும் சொல்லே தவிரக் கணக்கு அன்று. நாம் கணக்கை மிகைப்படுத்தினால், மற்றவர் நம் துயரத்தையே மிகை என்று தள்ளிவிட இடமாகும். உண்மைத் தொகையே போதுமான அளவு பெரியது.

அப்படியானால் நம்மவர்களை ஆவணங்களில் எங்கே தேடுவது? இங்கேதான் நமக்கு ஒரு வழி தெரிந்தது. தொழிலாளர்களைப் பற்றிய செய்திகள் கைதிகளின் ஆவணங்களுக்குள்ளேயே கிடக்கின்றன. 1943 ஜூன் மாதம் கே பிரிவு என்ற பெயரில் 230 பேரும், ஆகஸ்டு மாதம் எல் பிரிவு என்ற பெயரில் 115 பேரும் சாங்கியிலிருந்து அனுப்பப்பட்டார்கள். இவர்கள் கைதிகளான மருத்துவர்களும் மருத்துவ உதவியாளர்களும். இவர்களை அனுப்பியது ஆசியத் தொழிலாளர் முகாம்களில் பணி செய்வதற்காக. மருந்தும் கருவியும் இன்றி அவர்கள் கண்டவற்றைப் போருக்குப் பின் அறிக்கைகளாகவும் வாக்குமூலங்களாகவும் எழுதிக் கொடுத்தார்கள். எந்த முகாமில் எத்தனை பேர், எந்த மாதம் காலரா வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பவை அவற்றில் உள்ளன. பெயர்கள் இல்லை. பெரும்பாலும் கூலிகள், தமிழர்கள் என்ற ஒற்றைச் சொல்தான். ஆனாலும் இடமும் காலமும் கிடைக்கின்றன. இத்தகைய பல ஆவணங்களைத் தொகுத்துப் பால் கிரட்டோஸ்கா என்னும் வரலாற்றாசிரியர் 2006ஆம் ஆண்டு ஆறு தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறார்.

மூதாட்டியின் குடும்பத்தில் தங்கியிருந்த அந்தச் சில வார்த்தைகளை இப்போது மீண்டும் எடுத்துக்கொண்டோம். மூன்று சின்னக் கோபுரங்கள் என்பது தாய்லாந்து-பர்மா எல்லையில் இருக்கும் மூன்று கோபுரக் கணவாய். இரவு நேரத்துக் காட்டு நடை, பான்போங்கிலிருந்து மேலே சென்ற பாதை. பக்கத்தில் வெள்ளைக்காரக் கைதிகள் என்றதும் எஃப் பிரிவின் பதிவுகளைப் பார்த்தோம். கணவாய்க்குத் தெற்கே நீக்கே, சொங்குராய் முதலிய முகாம்களில் அப்பிரிவினர் இருந்தது 1943ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி. அதே மே மாதத்தின் நடுப்பகுதியில் காலரா அங்கே பரவியது. தொழிலாளர் முகாம்களிலும் அப்போதே அது கொள்ளை கொண்டது என்று கைதிகளின் அறிக்கைகள் கூறுகின்றன. விடாத மழையும் அந்தப் பருவத்திற்கே உரியது. படிக்காத ஓர் எளிய மனிதர் சொன்ன சொற்களும், அதிகாரிகள் எழுதிய ஆங்கில அறிக்கைகளும், ஒன்றுக்கொன்று தெரியாமலே ஒரே இடத்தையும் ஒரே பருவத்தையும் காட்டின. வாய்மொழியும் ஆவணமும் பகைப் பொருள்கள் அல்ல என்பதை அன்று நாம் நேரில் உணர்ந்தோம்.

இம்முயற்சியில் ஈடுபட விரும்பும் நேயர்களுக்குச் சில யோசனைகள்.

முதலில் வீட்டில் தொடங்குங்கள். பெரியவர்களிடம் தேதியைக் கேட்காதீர்கள். திருவிழாவைக் கேளுங்கள், மழையைக் கேளுங்கள், யாரோடு போனார் என்று கேளுங்கள். தோட்டத்தின் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சொன்னவர் சொன்னபடியே எழுதுங்கள். நீங்கள் படித்ததைக் கலக்காதீர்கள்.

இரண்டாவது, தோட்டத்துப் பழைய காகிதங்கள். செக்ரோல் புத்தகங்களில் ஒரு மாதம் வரை பெயர் இருந்து மறு மாதம் விடுபட்டிருந்தால் அதுவும் ஒரு சான்றே. பல தோட்டங்கள் 1950களிலும் 1960களிலும் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது இப்புத்தகங்கள் காணாமற் போயின. எங்கேனும் எஞ்சியிருந்தால் கறையானுக்கு விடாமல் காப்பது நம் கடமை. தோட்டப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளையும் மறக்க வேண்டாம். தந்தை பெயர் எழுதும் பத்தி அவற்றிலும் உண்டு.

மூன்றாவது, காப்பகங்கள். கோலாலம்பூரில் உள்ள மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் போருக்குப் பிந்திய நிருவாகக் கோப்புகள் உள்ளன. சிங்கப்பூரில் 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டு, 1981 முதல் ஜப்பானியர் ஆட்சிக்காலத்தைப் பற்றி மக்களின் குரல்கள் ஒலிநாடாவில் பதிவு செய்யப்பட்டன. தமிழர் குரல்களும் அவற்றில் உண்டு. கைதிகளைப் பற்றியவை கியூவிலும், ஆஸ்திரேலியாவின் கான்பரா போர் நினைவகத்திலும் இருக்கின்றன. இவற்றுள் பலவற்றை இன்று கணினி வழியாக வீட்டிலிருந்தே தேடலாம். செல்லும்முன் ஒரு கேள்வியைத் தெளிவாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பில் எந்தப் பக்கத்தில் எதைக் கண்டீர்கள் என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அடுத்து வருபவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

நாம் தேடி அறிந்ததை மூதாட்டியிடம் சென்று சொன்னோம். தேதி கிடைக்கவில்லை, ஆயா; ஆனால் இடம் ஏறக்குறையத் தெரிகிறது; 1943ஆம் ஆண்டு மழைக்காலம் என்றும் தெரிகிறது என்றோம். வரைபடத்தில் கணவாயைக் காட்டினோம். அவர் விரலை வைத்து அந்த இடத்தையே சற்று நேரம் பார்த்தார். “அந்த வெள்ளக்காரங்களுக்கெல்லாம் தேதி இருக்குதா?” என்று கேட்டார். பெரும்பாலோர்க்கு இருக்கிறது, கல்லறையில் பொறித்திருக்கிறார்கள் என்றோம். “நல்லது. அதுங்களும் பெத்தவங்க பிள்ளைங்கதானே” என்றார். பிறகு, “அப்பா பேரையும் எங்கேயாச்சும் எழுதி வையுங்க வாத்தியாரே” என்றார்.

அதைச் செய்திருக்கிறோம். கைதிகளின் அட்டையில் இருந்த அதே கட்டங்களை நம் பள்ளி மாணவர்கள் தாளில் வரைந்தார்கள். பெயர், தந்தை பெயர், தாய் பெயர், தோட்டம், செய்த தொழில், புறப்பட்ட காலம், செய்தி சொன்னவர், செய்தி பெற்ற நாள். எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் இதுவரை 11 பேருக்கு அட்டை எழுதி முடித்திருக்கிறோம். இறந்த நாள் என்னும் கட்டம் எல்லா அட்டைகளிலும் வெறுமையாகவே இருக்கிறது. அதை நாமாக நிரப்பவில்லை. உங்கள் தோட்டத்திலும் உங்கள் குடும்பத்திலும் இப்படி எழுதப்படாத பெயர்கள் இருக்கும். சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர்தாம் இருக்கிறார்கள். இந்த வாரமே ஒருவரிடம் சென்று கேட்டு எழுதி வையுங்கள்.